214-ஆம் எண்ணின் கஷ்டம்

அநியாயம் இழைக்கப்பட்டது 214-ஆம் எண் விண்ணப்பத்துக்கு. அதிலிருந்த கஷ்டத்தை யாரோ வரி விடாமல் திருடிவிட்டார்கள்.

ஆமாம், கஷ்டத்தைத்தான். பள்ளி இறுதித் தேர்வில் மதிப்பெண்ணை அள்ளினாலும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடாது. 'நான் கடந்து வந்த கஷ்டம்' என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம். பெயரை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, எண்ணை மட்டும் பார்த்துக் கஷ்டத்தை எடை போடுவார்கள்.

214-க்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. இஸ்திரி போட்டுப் பிழைக்கும் அம்மா, அந்த மேஜைக்கடியில் உட்கார்ந்து படிக்கும் மகள், ஒருநாள் பெட்டி சரிந்து அவள் இடது மணிக்கட்டில் விழுந்தது... தேர்வுக்குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அப்போதே இடம் உறுதி.

கடைசி நாள் வந்தது 390. அதே அம்மா, அதே மேஜை, அதே மணிக்கட்டு. கணினி காட்டிக் கொடுத்துவிட்டது.

விசாரணை அறையில் மாணவர் பிரதிநிதி என்று எனக்கும் ஒரு நாற்காலி. வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

390 உள்ளே வந்து நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"காப்பியடிக்க வேற எதுவும் கிடைக்கலையா?" என்றார் தலைவர். "பாவம், அந்தப் பொண்ணு பட்ட கஷ்டம். அதைப் போய்த் திருட எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"திருடலை சார்."

"முதல்ல வந்தது அசல். பின்னால வந்தது நகல். விதி தெரியுமில்ல?"

குழுவிலிருந்த கணக்குப் பேராசிரியைதான் குறுக்கிட்டார். "இடது கையைக் காட்டும்மா."

அவள் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருந்தது.

தலைவருக்கு நீதி உணர்ச்சி பொங்கியது. இந்த முறை எதிர்ப்பக்கமாக.

"உட்காரும்மா, உட்காரு! யாராவது தண்ணி கொண்டாங்கப்பா!" ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "அப்போ 214-தான் திருட்டுக் கழுதை. பாதிக்கப்பட்டவங்க புகார் கொடுத்தாத்தான் உறையைப் பிரிக்கலாம். 'என் கட்டுரையைத் திருடிட்டாங்க'ன்னு ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அந்த இடம் ரத்து. உனக்கு இடம். முடிஞ்சது."

'எழுதுடி, எழுது' என்று என் மனசு கத்தியது.

அவள் தாளை எடுக்கவில்லை.

"எழுதலைன்னா உன் விண்ணப்பம்தான் நகல். வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புரியுதா?"

"புரியுது சார். ஆனா அவ திருடலை. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"காசுக்கா?"

"ஐயோ, இல்ல சார். எங்க கிளாஸ் பொண்ணு. நல்லாப் படிப்பா. ஆனா அவங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் வேலை; சண்டை கிடையாது; நோய் கிடையாது. எழுத ஒண்ணுமே இல்லைன்னு ஒரு வாரமா அழுதா. நல்லா இருக்கிறவங்களுக்கு இங்க இடமில்லைன்னு நீங்கதானே விதி போட்டிருக்கீங்க?"

கணக்குப் பேராசிரியை இருமினார். தலைவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"சரி, உனக்காவது வேற எழுதியிருக்கலாமே!"

"வேறதான் சார் ஆரம்பிச்சேன். எங்க சுத்தினாலும் அந்த மேஜைகிட்டயே வந்து நின்னுடுச்சு."

"அதுக்காக? உன்கிட்ட இருந்ததே அது ஒண்ணு. அதைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுக்க உனக்கென்ன பைத்தியமா?"

அவள் வெள்ளைத்தாளை மடங்காமல் அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"எங்க வீட்ல தாராளமா இருக்கிறது கஷ்டம் மட்டும்தான் சார். அதையும் கேட்டு வந்தவகிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது?"