ரெண்டில் ஒரு பெட்டி

“கேசட் சொருகுகது வேண்டாம்ப்பா, சிடி போடுகது மட்டும் மதி. பிளேஸ்டேஷன் கேம்! மறந்துராதீங்க!” என்று நிஜின் ரிசீவருக்குள் கத்தினான்.

“எலே, நீ கத்துகதுக்கு துபாய்க்கு போனே வேண்டாம். நேரா கேக்கும்,” என்றாள் விஜயம்மா.

வீடும் போனும் அவளுடையவை. பாறசாலையின் அந்த மேட்டுப் பகுதியில் வேறு வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜையா துபாயிலிருந்து கூப்பிடுவான். அவன் மனைவி சத்தியபாய் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு கோவிலிலிருந்து நேராக இங்கே வந்துவிடுவாள்.

ரெஜிலா அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அப்பா, இவன் சொல்லுகத கேக்காதீங்க. நின்டெண்டோ வாங்குங்க. அதில நாலு பேருக்கு ஒண்ணா விளையாடலாமாக்கும். நம்ம வீட்டிலயும் நாலு பேருல்லா?”

“அம்மைக்கு மிக்சி போடவே பயம். அம்மை விளையாடப் போறாளாம்!” என்றான் நிஜின். “கிளாஸ்ல பிபினுக்கு மாமா கொண்டு வந்தது பிளேஸ்டேஷனாக்கும். அவன்கிட்ட சிடி இரவல் கிட்டும்.”

“ஒனக்குத் தோக்கப் பயம். தங்கச்சிகிட்ட தோத்தா கிளாஸ்ல சொல்ல முடியாதே!”

“ரெண்டு பேரும் நில்லுங்க பிள்ளைகளே,” என்றாள் விஜயம்மா. “இந்தச் சாதனத்த டிவியிலதானே மாட்டணும்? ஒங்க வீட்டில டிவி உண்டா?”

“அதையும் அப்பா கொண்டு வரும்,” என்றான் நிஜின் அசராமல்.

ஏழு ஞாயிற்றுக்கிழமையாக இதே சண்டை. ஏழு தடவையும் ராஜையா ஒரே பதிலைத்தான் சொன்னான்: “ரெண்டு பேரும் சண்டை போடாம ஒண்ணச் சொல்லுங்க மக்கா. சொன்னா மறுநாளே வாங்கிருவேன். வாங்கின கையோட ஊருக்கு வாறேன்.”

சத்தியபாய் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அவளுக்குக் குவாரியில் ஜல்லி உடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட விரல்கள் சுத்தியலைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்கும். அவன் போய் இரண்டரை வருடம். போன கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டருக்குப் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. இப்போது இந்தப் பெட்டி. பிள்ளைகள் ஒத்துப்போகிற வரைக்கும் அவன் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவள் போனை வாங்கினாள்.

“எம்பிட்டு விலை அது?”

“நம்ம ரூபாய்க்கு எட்டாயிரத்துக்கு மேல வரும்.”

“எட்டாயிரமா! பிள்ளைக கையில வச்சு ஞெக்கி விளையாடுகதுக்கா? அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடு கிட்டுமே! ரெண்டும் வேண்டாம். நீங்க வந்தா மதி.”

“அம்மா!” என்று பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து அலறின. ஏழு வாரத்தில் இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு கூச்சலில்தான்.

“வெறுங்கையோட வந்து எப்பிடிப் பிள்ளே பஸ்ஸ விட்டு இறங்குகது?” என்றான் ராஜையா. “கல்ஃபில இருந்து வாறவன் கயிறு கட்டின பெட்டி இல்லாம வந்தா, ஊருக்காரன் மூஞ்சில முழிக்க முடியுமா?” பேச்சு முடிவதற்குள் அவனுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல்.

“என்ன இருமல் இது?”

“ஏசியில படுக்கியதுல்லா. தணுப்பு.”

“காசு ஏறுமே. வைக்கட்டா?”

“ஏறட்டு. இன்னைக்குக் கொஞ்சம் இருந்து பேசு.”

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. போன மாதம் வரைக்கும் மூன்று நிமிடத்தில் வெட்டிவிடுகிறவன். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை உலுக்கியது. ரிசீவரை நெஞ்சோடு பொத்திக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“இப்பச் சொல்லணும். இந்த நிமிஷம். இல்லெங்கில் அப்பாவும் இல்ல, பெட்டியும் இல்ல.”

நிஜின் உதட்டைக் கடித்தான். கால் பெருவிரலால் சிமெண்டுத் தரையைத் தேய்த்தான்.

“நின்டெண்டோவே வாங்கட்டு,” என்றான் கடைசியில். “நாலு பேருக்கும் ஆச்சு. ஆனா கிறிஸ்மஸுக்கு வந்தாகணும்.”

ரெஜிலா துள்ளவில்லை. நம்ப முடியாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டியளா?” சத்தியபாய் ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள். “பிள்ளைக ஒண்ணாச் சொல்லியாச்சு. நின்டெண்டோ மதியாம். இனி எப்ப வாறிய?”

பதிலுக்கு அவனுடைய இருமல்தான் கேட்டது.

அதே நேரம் பார்த்து வெளியே லாட்டரிச் சீட்டு விற்கிற ஜீப் வந்து சேர்ந்தது. கூரையில் கட்டிய குழாய் மைக்கில் ஒரு முரட்டுக் குரல், நாளைய குலுக்கலுக்குச் சீட்டு எடுக்கச் சொல்லி, மலையாளத்தில் ரோட்டையே கிழித்தது. “எடுத்தோ பாறசாலக்காரே! நாளையாணு, நாளையாணு!” சத்தியபாய் மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டாள். ஜீப் வாசலைத் தாண்டி, சந்தை முக்கு டெலிபோன் பூத்துக்குப் போகிற இறக்கத்தில் திரும்பியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

“சொல்லுங்க, எப்ப வாறிய?”

“வாறேன் பிள்ளே... பைய வாறேன்...” என்று இழுத்தான் ராஜையா.

அவன் குரலுக்குப் பின்னால், ரிசீவருக்குள், ஒரு ஜீப்பின் இரைச்சல் ஏறி ஏறி வந்தது. “எடுத்தோ பாறசாலக்காரே! நாளையாணு, நாளையாணு!”