பேர் மாற்றாத வண்டி

முதல் அடி வண்டிக்குத்தான் விழுந்தது.

பானெட்டின் நடுவில், கடப்பாரையால்.

"அண்ணே, வண்டிய அடிக்காதீங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே அவன் இறங்கினான்.

அட மடையா. இறங்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

இருபத்திரண்டு நாளாக அந்த வண்டி அவனைப் படுத்திய பாடு அப்படி. எட்டு வருஷம் யார் யாரோ ஓட்டிய சின்னக் கார். காலையில் பல் துலக்கும் முன் அதைத் துடைத்தான். ஆயில் மாற்றினான். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினான். மூன்றாவது கியர் விழ அடம்பிடித்தது. அதையும் கெஞ்சிக் கூத்தாடிச் சரிசெய்தான்.

எல்லாம் இன்றைக்காகத்தான். மனைவிக்கு ஏழு மாசம். இனி பைக்கில் ஏற்றாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் வீட்டிலிருந்து அவளைக் காரில் கூட்டிவரக் கிளம்பியிருந்தான்.

வழியில் இந்த ஊர். டீக்கடை முன்னால் ஒரு வேகத்தடை. அதன் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அஞ்சலி. அடியில் கொட்டை எழுத்தில்: 'மோதிவிட்டு ஓடிய வண்டி, வெள்ளி நிறம், கடைசி நாலு எண் 4172. பார்த்தவர்கள் சொல்லவும்.'

அவன் அதைப் படிக்கவில்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் அவன் நம்பர் பிளேட்டைப் படித்தார்கள்.

இரண்டாவது அடியில் முன்கண்ணாடி போயிற்று.

மூன்றாவது அவன் முதுகில் விழுந்தது, யாரோ வீசிய விறகுக்கட்டையால்.

"நாலு மாசமாத் தேடுறோம்டா உன்ன!"

யார் சொன்னது என்று தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. செருப்புக் கால், வெறுங்கால், லுங்கி மடித்துக் கட்டிய கால். வயிற்றில் ஒரு உதை. வாயில் மண்.

"நான் இல்லீங்க. இப்பதாங்க வாங்கினேன். செகண்ட் ஹேண்டுங்க!"

"பின்னாடி புள்ளைங்க பேரு எழுதி வச்சிருக்கான் பாரு, தன்யா, நிகில்னு. உன் புள்ளைங்க நல்லா இருக்குதுங்க இல்ல?"

பழைய ஓனர் ஒட்டிய ஸ்டிக்கர். சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும் என்று விட்டுவைத்திருந்தான். அவன் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை.

"ஆர்.சி.யப் பாருங்க!" என்றான். "டேஷ்போர்டுல இருக்கு. அதுல பாருங்க, பேரு!"

ஒருத்தன் எடுத்துவந்து சத்தமாகப் படித்தான்.

"சம்பத்குமார்."

"அதாங்க. அவன்தாங்க. நான் சம்பத்குமார் இல்லீங்க!"

"வண்டிய ஓட்டிட்டு வந்தவன் நீ. வண்டி சம்பத்குமாரோடது. அப்ப நீ யார்றா?"

ஆடி மாசத்தில் வண்டி வாங்கினால் விலை இறங்கி வரும். ஆடி மாசத்தில் பேரை மாற்றினால் விளங்காது. இரண்டையும் யோசித்து, ஆடியில் வண்டியை எடுத்துக்கொண்டு, பேர் மாற்றத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்திருந்தான் இந்தப் புத்திசாலி. ஆவணி பிறக்க இன்னும் ஐந்து நாள்.

லைசென்ஸ் செல்போனில் இருந்தது. செல்போன் யார் காலடியிலோ நொறுங்கிக் கிடந்தது.

கடப்பாரைக்காரர் அப்போதுதான் அவன் பக்கம் வந்தார். ஒல்லியான மனுஷர். கூட்டம் அவருக்கு வழி விட்டது.

"முனிரத்தினம், உன் கையால போடு."

சிறுமியின் அப்பா. அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டார். எலும்பு உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

வலியோடு வலியாக இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வாங்கும்போதே பார்த்தான். இடது ஹெட்லைட் மட்டும் புதுசு. "மாடு குறுக்க வந்துடுச்சு சார்" என்றான் புரோக்கர். மாடுதான் என்று இவனும் தலையாட்டினான். எந்த மாடு, எந்த ஊர் மாடு என்று ஒரு வார்த்தை கேட்டானா?

ஏட்டு ஒருத்தர் பைக்கில் வந்து சேர்ந்தார். ஒற்றை ஆள். கூட்டமோ நூறு பேர். லத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"இருங்கப்பா, இருங்க! ஆளப் பாத்தது யாரு?"

"வசந்தாக்கா. புள்ளயோட அம்மா."

அன்று ஸ்டியரிங்கில் இருந்தவன் ஒரு நொடி திரும்பிப் பார்த்திருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்தது ஊரிலேயே அவள் ஒருத்திதான். கடலைக்காட்டிலிருந்து அவளைக் கூட்டிவந்தார்கள். கையெல்லாம் மண்.

அவள் குனிந்தாள்.

அவன் முகத்தைத் தூக்கிக் காட்டினான். நன்றாகப் பாரம்மா என்பதுபோல.

பார்த்தாள். பார்த்த அந்தக் கணமே அவள் கண்ணில் இருந்த வெறி இறங்கிவிட்டது. இவன் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

அழுகை பொங்கி வந்தது. பிழைத்தேன், தாயே.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா," என்றார் ஏட்டு. "ஆள் மாறியிருந்தா உன் வீட்டுக்காரர் இன்னிக்கே உள்ள போவணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முனிரத்தினம் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றார். சட்டையெல்லாம் ரத்தம். நான்கு மாசத்தில் பாதியாக இளைத்துப்போன உடம்பு நிற்க முடியாமல் ஆடியது. வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான்.

மறுபடியும் இவனிடம் குனிந்தாள். முந்தானையை எடுத்தாள். கண்ணில் வழிந்த ரத்தத்தை ஒற்றினாள். பிறகு நெற்றியை. பிறகு கிழிந்த உதட்டை, வலிக்காமல்.

"இவன்தான்," என்றாள்.

துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.