பாலம் தாண்டாத காசு

வேலாங்குளத்துக் காசுக்கு ஒரு குணம் உண்டு. ஊர்ப் பாலத்தைத் தாண்டினால் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். திரும்பி வந்தால் எழுத்தும் வந்துவிடும். அதனால்தான், எவனோ கல்லாவை வழித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்று தெரிந்தும் இட்லிக் கடை பரிபூரணம் அடுப்பை அணைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை. ஊரில் வேறு கடை திறந்திருக்கவில்லை. முகம் வாடிய ஒருவன் வந்து நான்கு இட்லியை விழுங்கிவிட்டு நோட்டை நீட்டினான். அதன் மூலையில் அவளுடைய சாம்பார்க் கைரேகை மஞ்சளாகப் பதிந்திருந்தது.

"மீதி குடுங்கக்கா."

"மீதியெல்லாம் உன் பையிலதானப்பா இருக்கு? எடுத்துக் கல்லாவுல வச்சிட்டு, இன்னும் ரெண்டு இட்லி சாப்பிடு. மூணு நாள் பட்டினி கிடந்திருப்ப."