ஊதாக் கோடு

2014 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. சிவகாசியில் தாள் வெட்டும் கூடம் ஒன்றின் மொட்டை மாடியில் நூற்றிருபது அட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

ஒரு பக்கம் காய்ந்திருந்தது. மறுபக்கத்துக்குப் பிரஷை எடுத்தாள். வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர். கலங்கல் அடியில் தங்கி, மேலே தெளிந்து நின்றது. தெளிவை மட்டும் தொட்டாள்.

காய்ந்த அட்டையின் மூலையில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

ஊதா.

பேனா தனுஷ்கோடி கொடுத்தது. கணவரின் சிநேகிதர். பழைய காமிக்ஸ் புத்தகங்கள் சேர்ப்பவர். ஒவ்வொன்றையும் கண்ணாடி போன்ற உறையில் இட்டு, முதுகுக்கு அமிலம் இல்லாத அட்டை வைப்பார். அட்டையில் அமிலம் இருந்தால் அந்தப் பேனா மஞ்சளாக எழுதும். இல்லாவிட்டால் ஊதா.

மட்டமான அட்டை வைத்துக் கெட்டுப்போன புத்தகம் ஒன்றை ஒருமுறை கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் டீ கொட்டியதுபோல் பழுத்திருந்தது. தொட்டதும் ஓரம் உதிர்ந்தது.

"அட்டதான் தின்னுருக்கு மதினி. வெளிய தெரியவே தெரியாது. பத்து வருசம் கழிச்சுத் தொறந்தா இந்தா, இப்படி."

அவள் அதை மறக்கவில்லை.

இப்போது மாடியில் காய்ந்தவை கழிவுத் தாளை அரைத்துச் செய்த அட்டைகள். இனிப்புப் பெட்டி செய்கிறவர்கள் வாங்குவது. முந்தின நாள்வரை பேனா அவற்றில் மஞ்சளாகத்தான் எழுதியது.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். சரிவரவில்லை. சலவைச் சோடா கறை விட்டது. சுண்ணாம்புதான் பேனாவை ஏமாற்றியது. மேலே ஒரு பூச்சு. உள்ளே அமிலம் அப்படியே இருக்கும்.

வாங்க வரும்போது தனுஷ்கோடி ஒவ்வோர் அட்டையிலும் மூன்று இடங்களில் கோடு போடுவார். எங்கே போடுவார் என்று சொல்ல முடியாது.

அங்குலம் விடாமல் பூசினாள்.

சித்திரையில் அவரிடம் ஒரே ஒரு புத்தகம் கொடுத்திருந்தாள். கெடாமல் உறையில் போட்டுத் தரச் சொல்லி.

நிரஞ்சனின் புத்தகம். ஏழு வயதில் டெங்குவில் போன மகன்.

முப்பத்திரண்டு பக்கங்களிலும் பென்சிலால் எல்லோருக்கும் மீசை வைத்திருந்தான். துப்பறிகிறவனுக்கு. கொள்ளைக்காரனுக்கு. ராணிக்கு. குதிரைக்கு வைத்ததுதான் பெரிய மீசை.

புத்தகம் யாருடையது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. பங்குனித் திருவிழாவில் அவனைத் தோளில் தூக்கிப் போனவர்தானே.

நான்காம் நாள் தனுஷ்கோடி வந்தார். உறை பளபளத்தது.

"புதுசாக்கிட்டேன் மதினி. எவனோ பூராப் பக்கமும் கிறுக்கித் தொலச்சிருந்தான். குதிரையக்கூட விடல. மூணு நாள் உக்காந்து ரப்பர் போட்டேன்ல."

அவள் காபி கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றார்.

அவர் போனபின் ஒவ்வொரு பக்கத்தையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். தடம்கூட இல்லை. நிரஞ்சன் பென்சிலை அழுத்த மாட்டான்.

வைகாசியில் அவளாகவே பேச்செடுத்தாள். வெளிநாட்டு அட்டைக்கு ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள், நல்ல அட்டை இங்கேயே வருகிறது, வெட்டித் தருகிறோம் என்றாள்.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருப்பதிலேயே பழைய நூற்றிருபது புத்தகங்களுக்கு மதினியின் அட்டைதான் என்றார்.

அட்டைகள் காய்ந்த மறுநாள், திங்கட்கிழமை, வந்து மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அட்டைக்கு மூன்று கோடு.

அவள் நின்று பார்த்தாள்.

"ஒண்ணுகூடத் தப்பல. வெள்ளக்காரன் உங்ககிட்டப் படிக்கணும் மதினி."

பொங்கலுக்குப் பொங்கல் அவள் விசாரிப்பாள். "புத்தகமெல்லாம் எப்படி இருக்கு தம்பி?"

"உறை பிரிக்கலயே. நிம்மதியாத் தூங்குது."

அன்று அவளுக்குச் சோறு ருசியாக இறங்கும்.

ஒன்பது பொங்கல் போயிற்று.

2023 ஜூன் மாதம் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். வெட்டும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி கையில் இரண்டு புத்தகங்களோடு வந்தார். எல்லா உறைகளையும் பிரித்துவிட்டாராம்.

முதலாவது வெளிநாட்டு அட்டை வைத்தது. ஓரங்களில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது.

இரண்டாவதை அவள் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தாள்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டு இல்லை.

"நூத்திருபதும் இப்படித்தான் மதினி. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர்ட்டக் காமிச்சேன். அட்டைக்குள்ள சுண்ணாம்பு ஊறிக் கெடக்காம். அதுதான் அமிலத்தத் தலையெடுக்க விடலையாம். இந்த வித்தைய எங்க புடிச்சீங்க?"

அவள் அட்டையை விரலால் தடவினாள். விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியது. சேலையில் துடைத்தாள்.

பிறகு எந்திரத்தை நிறுத்தினாள். அவர் காதில் சரியாக விழ வேண்டும்.

"தம்பி, நீங்க ரப்பர் போட்டது நிரஞ்சன் வச்ச மீசைய."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"முப்பத்திரண்டு பக்கமும் அவன்தான்."

அவர் புத்தகத்தை வாங்கி உறைக்குள் போடப் பார்த்தார். வாய் அகன்ற உறைதான். இரண்டு முறை முயன்றார். போகவில்லை.

அவள் எந்திரத்தை மறுபடி ஓடவிட்டாள்.

அந்த ஆகஸ்டில் தனுஷ்கோடியின் சேகரிப்பு முழுவதும் திருச்சியில் ஒருவருக்குக் கைமாறியது. நூற்றிருபது புத்தகங்களும் அவற்றின் அட்டைகளும் அதில் அடக்கம்.