விசிறியின் பெயர் இல்லாத வரிகள்

ஒரு பழைய கணினிக்குள் இருந்த விசிறிக்கு மதியத்தில் கண்ணயரும் பழக்கம். ஒருநாள் அது நன்றாகவே அசந்துவிட, சூடு தாங்காமல் கணினி அணைந்துபோனது.

மறுநாள் கீபோர்டு விசாரிக்கக் கிளம்பியது. உள்ளே நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் லாகிடம், "நேத்து மதியம் நடந்ததை மட்டும் காட்டுப்பா" என்று கேட்டது.

லாக் ஏகப்பட்ட வரிகளைக் கொட்டியது. விசிறி அவசரமாகக் குறுக்கே புகுந்தது.

"இத்தனையையுமா படிக்கப் போறீங்க அக்கா? பிழைகளை மட்டும் கேளுங்க. அதுலயும் என் பேர் வர்ற வரியெல்லாம் வேண்டாம்னு சேர்த்துத் தட்டுங்க. என்னைப் பத்தி என்ன பெருசா இருக்கப் போகுது" என்று குழைந்தது.

கீபோர்டு அப்படியே தட்டியது.

"ஒரு வரிகூட இல்லையே" என்றது லாக்.

விசிறிக்கு மூச்சு வந்தது. "பார்த்தீங்களா அக்கா, யாரும் எந்தத் தப்பும் பண்ணலை."

"ஓகோ" என்ற கீபோர்டு, 'வேண்டாம்' என்று கடைசியாகச் சேர்த்ததை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எண்டரைத் தட்டியது. திரை முழுக்க விசிறி, விசிறி, விசிறி.

"இதுக்கு என்னப்பா சொல்றே?"

விசிறி சட்டென்று தலைதெறிக்கச் சுற்ற ஆரம்பித்தது. "இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை அக்கா."