ஆறாவது ஃபைல்

வட்டவளையில் ஒரு பல் கிளினிக். பல்லின் வேரைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற மெல்லிய ஃபைல்களைக் காலையும் மாலையும் எண்ணிவைப்பது பூரணியின் வேலை. தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளையான அவள், தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதைச் சொல்வதுபோல, அதையும் பெரட்டு என்றே சொல்வாள். அன்று காலைப் பெரட்டில் ஆறு ஃபைல்கள்.

கொழுந்தெடுக்கும் செல்வமலரின் கடைவாய்ப் பல்லுக்குள் அவற்றில் ஒன்று முறிந்து, நுனி சிக்கிக்கொண்டது.

"பல்லப் புடுங்கிருவீங்களா, டொக்டர்?"

"பயப்பிடாதேங்கோ அம்மா, எடுத்திடலாம்," என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர் ஊர்மிளா.

ஒன்றரை மணி நேரம். நுனியைக் கீழே தள்ளிவிடாமல், சுற்றிலும் மயிரிழை இடம் உண்டாக்கி, அசைத்து அசைத்து மேலே கொண்டுவந்தார். மூச்சுவிடவும் மறந்து பூரணி அந்தக் கைகளையே பார்த்திருந்தாள். பஞ்சில் குருணை போல ஒரு துண்டு விழுந்தது. செல்வமலர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாலையில், முறிந்த ஃபைலை ஒதுக்கிவைக்கப் பூரணி தேடினாள். தட்டில் ஆறும் முழுசாக இருந்தன. பஞ்சில் துண்டும் இருந்தது.

"டொக்டர், முறிஞ்சது எதுங்க?"

"நுனியை நான் எடுத்தா முறிஞ்சதும் முழுசாயிடும், அப்பிடித்தான், பூரணி. ஆறெண்டே எழுதுங்கோ."

எழுதிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஐந்து ஃபைல்கள் மலைக்குளிரில் சில்லிட்டிருந்தன. ஆறாவது மட்டும், வாய்க்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல, இளஞ்சூடாக இருந்தது.