தெளியாத நீலம்

"இன்னிக்கும் நீலம்தானா, மிட்சுயோ சான்?"

பால்கனித் தடுப்புக்கு மேல் கழுத்தை நீட்டினாள் தகேமுரா அம்மாள். கவாசாகி குடியிருப்பின் நான்காம் மாடியில் அவள் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவதெல்லாம் சாக்கு. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதுதான் உத்தியோகம்.

"நீலம்தாங்க." மிட்சுயோ கண்ணாடி ஜாடியைக் கலக்கிவிட்டு நோட்டில் குறித்தாள்.

மகளைப் பறிகொடுத்த பிறகு எட்டு மாதம் திரைச்சீலையைக்கூட விலக்காதவள், மூன்று வாரமாகத்தான் வெளியே வந்து உட்காருகிறாள். அதுவும் கணவர் நிஷிவாகி ஏவிய வேலை. வெயில் பட்டால் சாயக் கழிவுநீரைத் தெளியவைக்கும் வெள்ளைப் பொடியை ஆராய்கிறவர் அவர். "ஆய்வகத்துல வெயிலே விழல. அரை மணிக்கு ஒரு தடவை கலக்கி, நிறத்தை எழுதி வை" என்று ஜாடியை அவள் தலையில் கட்டியிருந்தார்.

துக்கத்தில் இருப்பவளை இப்படியா வதைப்பது? இப்போதெல்லாம் ஐந்தரைக்கே வந்துவிடுகிற மனிதரை அன்று மாலை லிஃப்ட் வாசலில் மடக்கினாள் தகேமுரா அம்மாள்.

"இருபத்தோரு நாளாச்சு! உங்க பொடிக்குத் துப்பில்லேன்னா அவங்க எதுக்கு வெயில்ல காயணும்?"

நிஷிவாகி சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசுங்க. அதுல பொடியே போடல. வெறும் சாயத் தண்ணி. போட்டிருந்தா அன்னிக்கே தெளிஞ்சிருக்கும். மறுநாள் அவ திரும்ப உள்ளேயே முடங்கியிருப்பா. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க." இடுப்பு வளைய வணங்கினார்.

"என் வாயிலேருந்து வருமா?" என்றாள் தகேமுரா அம்மாள். மறுநாள் காலை பத்து மணிவரை வராததே அதிசயம்.

"மிட்சுயோ சான், மனசு கஷ்டப்படாதீங்க. அந்த ஜாடியில..."

"பொடி இல்ல." மிட்சுயோ கலக்குவதை நிறுத்தவில்லை. "போட்டா தண்ணி முதல்ல பால் மாதிரி கலங்கிட்டு, அப்புறம்தான் தெளியும். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் ஆய்வகத்துல ஆறு வருஷம் ஜாடி கழுவினவ நான். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா உட்கார்ந்திருக்கீங்க?"

"எட்டு மாசமா ஆய்வகமே கதின்னு கிடந்த மனுஷன், இந்த நோட்டைப் படிக்கத்தான் பொழுதோட வீட்டுக்கு வர்றாரு."

ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "வெயில்ல இது தானாவே வெளுக்குது பாருங்க" என்றபடி, ஏப்ரன் பையிலிருந்த நீல மைப்புட்டியைத் திறந்து, ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள்.